கடன் வாங்கி நட்ட மரம்

ஸ்வீடன் கொடுத்தது; ஜப்பான் கொடுத்தது; உலக வங்கியும் கொடுத்தது. நட்ட மரத்துக்குக் காவல் யார்?

"செய்" என்றால் வயல். நன்செய், புன்செய் என்று குடியானவர் சொல்லும் அதே செய். செங்கற்பட்டு மாவட்டத்தின் தென்பகுதியில், கடலுக்குச் சில மைல் மேற்கே உள்ள செய்யூரைப் பற்றிப் பேசும்போது இந்தப் பொருள் நினைவுக்கு வருவது இயல்பு. ஆனால் சேய் என்பது முருகன் பெயர், ஊரில் கந்தசாமி கோயில் இருக்கிறது, ஆகவே சேயூர்தான் செய்யூர் ஆயிற்று என்று சொல்பவர்களும் உண்டு. அந்த வழக்கு எப்படித் தீர்ந்தாலும் சரி, ஊரைக் காப்பாற்றி வருவது வயலும், வயலைக் காப்பாற்றும் ஏரியும்தான்.

மதுராந்தகத்திலிருந்து கிழக்கே பஸ் ஏறி வருகிறவர் முதலில் ஏரிகளைப் பார்க்கிறார். ஏரி உள்வாயில் கருவேல மரங்கள் தண்ணீரில் கால் வைத்துக்கொண்டு நிற்கின்றன. அப்புறம் நெல் வயல். கடல் நெருங்க நெருங்க மண் வெளுக்கிறது. வேர்க்கடலையும் தர்ப்பூசணியும் வருகின்றன. பிறகு சவுக்குத் தோப்பு, உப்பளம், பக்கிங்காம் கால்வாய், மணல்மேடு, கடல். ஒரு மணி நேரப் பயணத்துக்குள் இத்தனை நிலம்!

இந்த மரங்களில் பல தானாக முளைத்தவை அல்ல. யாரோ திட்டம் போட்டு, யாரோ பணம் கொடுத்து, யாரோ கூலிக்கு நட்டவை. தமிழ்நாட்டில் கடந்த நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக மரம் வளர்க்கவும், காட்டைக் காக்கவும், ஏரியையும் வயலையும் சீராக்கவும் அயல்நாட்டுப் பணம் தொடர்ந்து வந்துகொண்டிருக்கிறது. இன்றும் வருகிறது. வந்த பணத்தால் என்ன நின்றது, என்ன போயிற்று என்று கணக்குப் பார்க்க இதுவே தக்க சமயம். ஏனென்றால் அடுத்த திட்டம் கடற்கரைக்கே வரப்போகிறது.

விறகுக்காக வந்த ஸ்வீடன்

1970-களில் உலகத்து நிபுணர்களுக்கு ஒரு பெருங்கவலை இருந்தது. ஏழை நாட்டு ஜனங்கள் அடுப்பெரிக்க விறகு தேடித் தேடிக் காடுகளையெல்லாம் மொட்டையடித்து விடுவார்கள் என்பதே அந்தக் கவலை. நம் நாட்டின் தேசிய விவசாயக் கமிஷனும் 1976-இல் "சமூகக் காடு வளர்ப்பு" வேண்டும் என்று சொல்லிற்று. காட்டுக்குள் போய் விறகு வெட்டாதே என்று தடுப்பதைவிட, ஊர்ப் பொது நிலத்திலேயே விறகு மரத்தை வளர்த்துக் கொடுத்துவிடலாம் என்பது யோசனை.

ஸ்வீடன் நாட்டு அபிவிருத்தி ஸ்தாபனமான சீடாவின் உதவியோடு தமிழ்நாட்டில் 1981-இல் அந்தத் திட்டம் தொடங்கியது. சமவெளி மாவட்டங்களில் பொது நிலம் எங்கே இருக்கிறது? ஏரி உள்வாயில்தான். அங்கே மாதக்கணக்கில் தண்ணீரில் நின்றும் பிழைக்கும் மரம் எது? கருவேலம். அதன் விறகு நன்றாக எரியும். காய் ஆட்டுக்கு ஆகும். ஆகவே ஏரிக்கு ஏரி கருவேலம் நடப்பட்டது. வளர்ந்ததும் வெட்டி ஏலம் விடுவது, ஏலத் தொகையில் பஞ்சாயத்துக்கும் பங்கு கொடுப்பது என்பது ஏற்பாடு.

மரம் வளர்ந்தது. இதில் சந்தேகமில்லை. ஆனால் விறகுப் பஞ்சம்தான் நினைத்தபடி வரவில்லை! ஒரு தலைமுறைக்குள் சமையல் வாயு கிராமத்து அடுப்பங்கரைக்கு வந்துவிட்டது. கருவேல விறகு ஊர் அடுப்புக்குப் போவதற்குப் பதிலாக லாரி ஏறிச் சூளைகளுக்கும் கரி வியாபாரத்துக்கும் போயிற்று. இன்னொரு பக்கம், யாரும் எதிர்பாராத குடிகள் ஏரிக்கு வந்தன. நாரையும் கொக்கும் கூழைக்கடாவும் அந்த மரங்களில் கூடு கட்டின. தமிழ்நாட்டின் பல ஏரிகளில் இன்று பறவைகள் தங்குவது இத்தகைய கருவேல மரங்களில்தான்.

பறவைப் பிரியர்கள் மகிழ்ந்தார்கள். பாசனக் குடியானவர் மகிழ்ந்தாரா? மரம் நிற்கும் இடத்தில் வண்டல் எடுக்க முடிவதில்லை. வண்டல் ஏறினால் ஏரியின் கொள்ளளவு குறைகிறது. மரம் காட்டிலாகாவுக்குச் சொந்தம், ஏரி பொதுப்பணி இலாகாவுக்கோ பஞ்சாயத்துக்கோ சொந்தம், தண்ணீர் மட்டும் குடியானவருக்கு! இந்த மூன்று பேரும் ஒரே பாயில் உட்கார்ந்து பேசுவதற்கு இடமே வைக்காமல் திட்டம் முடிந்துபோயிற்று.

இதிலிருந்து தெரிவது ஒன்று. திட்டத்தின் ஆயுள் ஐந்து, எட்டு ஆண்டு. மரத்தின் ஆயுள் அதைவிடப் பெரிது. எந்த நோக்கத்துக்காக நட்டோமோ அந்த நோக்கம் மறைந்த பிறகும் மரம் நிற்கும். அப்போது அதைப் பற்றித் தீர்மானிக்க ஒருவர் இருக்கவேண்டும்.

ஜப்பான் வந்த பிறகு

அடுத்து வந்தது ஜப்பான். ஏரியிலிருந்து திட்டம் காட்டுக்குப் போயிற்று. வெட்டியும் மேய்த்தும் தேய்ந்துபோன காப்புக் காடுகளை மீட்பதற்காகத் "தமிழ்நாடு காடு வளர்ப்புத் திட்டம்" 1997-98-இல் ஆரம்பமாயிற்று. மதிப்பு சுமார் 499 கோடி ரூபாய். அதன் இரண்டாம் கட்டம் 2005-06 முதல் 2012-13 வரை, 567 கோடி ரூபாய், 800 கிராமங்கள். அடுத்து 2011-12-இல் உயிர்ப்பன்மைப் பாதுகாப்பும் பசுமையாக்கலும் என்ற பெயரில் 686 கோடி ரூபாய்த் திட்டம் 2018-19 வரை நடந்தது. இப்போது பருவநிலை மாற்றத்தை எதிர்கொள்வதற்கென்று 920 கோடி ரூபாயில் நான்காவது திட்டம் 2022-23-இல் தொடங்கி, 2029-30 வரை நடக்கவிருக்கிறது.

நான்கையும் கூட்டினால் 2,600 கோடிக்கு மேல் போகிறது. கடன் கொடுக்கும் ஜப்பானிய ஸ்தாபனத்தின் பெயர் இடையில் இருமுறை மாறியது. 2008 முதல் அது "ஜைக்கா".

இந்தத் திட்டங்கள் ஒரு பெரிய மாறுதலைக் கொண்டுவந்தன. அதுவரை காட்டிலாகா என்றால் ஊரார் ஒதுங்கி நிற்கவேண்டும். வேலி தாண்டினால் அபராதம். 1988 தேசிய வனக் கொள்கையும், 1990-இல் மத்திய சர்க்கார் விடுத்த சுற்றறிக்கையும் அந்த மனப்பான்மையை மாற்றின. "ஊராரைச் சேர்த்துக்கொண்டால்தான் காடு பிழைக்கும்" என்று ஒப்புக்கொள்ளப்பட்டது. காட்டை ஒட்டிய கிராமங்களில் கிராம வனக்குழுக்கள் அமைந்தன. குழுவுக்கு ஊராரில் ஒருவர் தலைவர். காட்டிலாகா ஊழியர் செயலாளர். காட்டில் நடவு, ஓடையில் தடுப்பணை, ஊரில் கறவை மாட்டுக்கும் சிறு தொழிலுக்கும் கடன் என்று மூன்று வேலைகள் ஒன்றாக நடந்தன.

தடுப்பணை விஷயம் கவனிக்கத்தக்கது. மலையடிவாரத்தில் மழைநீரை நிறுத்தினால் கிணற்றில் ஊற்று வருகிறது. கிணற்றில் தண்ணீர் இருக்கும் குடியானவர் பிழைப்புக்காக மரம் வெட்டப் போவதில்லை. வெட்டாதே என்று நூறு தடவை சொல்வதைவிட இது பலன் தருவது. காட்டைக் காப்பாற்றும் வேலை காட்டுக்கு வெளியே, வயலில் தொடங்குகிறது என்பதை இந்தத் திட்டங்கள் சரியாகப் பிடித்துக்கொண்டன எனலாம்.

தானமா, கடனா?

"ஜப்பான் பணம்", "உலக வங்கிப் பணம்" என்று பேச்சு வழக்கில் சொல்கிறோம். ஏதோ சீதனம் வந்தாற்போல் தொனிக்கிறது. ஸ்வீடன் உதவி வேறு விதம். ஜைக்காவும் உலக வங்கியும் இங்கே பெரும்பாலும் கொடுப்பது கடன். வட்டி குறைவு, தவணை முப்பது, நாற்பது ஆண்டு. ஆனாலும் கடன் கடன்தான்.

பணம் வரும் வழியையும் தெரிந்துகொள்வது நல்லது. கடன் பத்திரத்தில் கையெழுத்திடுவது மத்திய சர்க்கார். மாநிலம் முதலில் தன் கஜானாவிலிருந்து செலவு செய்யும். பிறகு ரசீது, தணிக்கை, அறிக்கை எல்லாவற்றையும் அனுப்பி, செலவழித்த தொகையைத் திரும்பப் பெறும். 2005-க்குப் பிறகு வாங்கும் புதிய கடன்களுக்கு இன்னொரு விதி உண்டு. அயல்நாட்டார் எந்த ஷரத்தில் கொடுத்தார்களோ அதே ஷரத்தில் மத்திய சர்க்கார் மாநிலத்துக்கு மாற்றிவிடும். அதாவது நாணய மதிப்பு ஏறி இறங்குவதால் வரும் லாப நஷ்டமும் மாநிலத்தின் தலையில்தான்.

2007-இல் ஒரு டாலர் ஏறத்தாழ 41 ரூபாய். 2024-இல் 83 ரூபாயைத் தாண்டிவிட்டது. டாலரில் வாங்கிய கடனுக்கு வட்டி குறைவு என்று மட்டும் மகிழ முடியாது என்பதற்கு இந்த இரண்டு எண்களே போதும். இன்று ஆரம்பப் பள்ளியில் படிக்கும் செய்யூர்ப் பிள்ளை நடுவயதை எட்டும்போதும் இந்தக் கடனில் ஒரு பகுதி பாக்கி இருக்கும். அந்தப் பிள்ளைக்குக் கடனோடு மரமும் சேர்ந்து கிடைக்குமா என்பதே கேள்வி.

நட்ட கணக்கும் நின்ற கணக்கும்

திட்ட நிர்வாகத்தில் மிகப் பெரிய தொல்லை இதுதான். அயல்நாட்டுக் கடனுக்குக் காலக்கெடு உண்டு. மார்ச்சு மாதத்துக்குள் இவ்வளவு செலவாகவேண்டும், இவ்வளவு ஹெக்டேர் முடியவேண்டும் என்று அட்டவணை உண்டு. அட்டவணையில் எளிதாக நிரப்பக் கூடியது நட்ட கன்றுகளின் எண்ணிக்கை. ஐந்தாம் ஆண்டில் எத்தனை நிற்கிறது என்பதை நிரப்புவது கடினம். அதற்குள் அதிகாரி மாறியிருப்பார், ரிஜிஸ்தர் மாறியிருக்கும், சில சமயம் திட்டமே முடிந்திருக்கும்.

மழைக்கோ அட்டவணை தெரியாது. செங்கற்பட்டுக் கரையோரத்தில் பெருமழை வடகிழக்குப் பருவத்தில் வருவது. அக்டோபருக்கு முன்பே குழி வெட்டி, மழை கண்டதும் கன்றை வைத்தால் பிழைக்கும். அனுமதியும் பணமும் தாமதமாகி ஜனவரியில் கன்று வந்தால் அது கோடையைத் தாண்டுவது அரிது. கணக்கில் இரண்டும் ஒன்றுதான், மண்ணில் ஒன்றல்ல.

இதற்கு ஒரு வழி நம் மாநிலத்திலேயே கண்டுபிடிக்கப்பட்டது. 2021-22-இல் வேளாண் இலாகா தொடங்கிய பசுமைப் போர்வை இயக்கத்தில் குடியானவருக்கு மரக்கன்று இலவசமாகக் கொடுத்ததோடு நிற்கவில்லை. இரண்டாம் ஆண்டிலிருந்து மூன்று ஆண்டுகளுக்கு, உயிரோடு நிற்கும் கன்று ஒன்றுக்கு ஆண்டுக்கு 7 ரூபாய் ஊக்கத்தொகை என்று ஏற்பாடு செய்யப்பட்டது. ஏழு ரூபாய் பெரிய தொகையல்ல. ஆனால் அந்த ஏழு ரூபாயில் ஒரு பெரிய தத்துவம் இருக்கிறது. நட்டதற்குக் கூலி இல்லை, நிற்பதற்குத்தான் கூலி!

அலைக்குப் பின் வந்த சவுக்கு

செய்யூர்க் கரைக்குச் சவுக்கு புதிதல்ல. பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே இந்தக் கரையில் வேரூன்றிவிட்ட மரம். பக்கிங்காம் கால்வாயில் படகேறிச் சென்னை நகரத்து அடுப்புகளுக்குப் போன விறகில் சவுக்குக்கு முக்கிய இடம். இன்றும் கரையோரத்துப் புன்செய்க்காரருக்குச் சவுக்கு ஒரு வங்கிச் சேமிப்பு போல. சில ஆண்டுகள் பொறுத்திருந்து வெட்டினால் கல்யாணச் செலவோ கடனோ தீரும்.

2004 டிசம்பர் 26-இல் ஆழிப்பேரலை வந்தது. அதன் பிறகு உலக வங்கியின் உதவியோடு நடந்த சீரமைப்பு வேலைகளில் கரையோர மரத் தடுப்பு வளர்ப்பதும் ஒன்று. தமிழகக் கரையில் பல மைல் தூரத்துக்குச் சவுக்கு நடப்பட்டது. காற்றைத் தடுக்கும், மணல் பறப்பதைக் குறைக்கும் என்பது உண்மை. ஆனால் மணல்மேட்டின் மேலேயே நட்டதைச் சூழலியல் ஆராய்ச்சியாளர் பலர் ஆட்சேபித்தனர். மணல்மேடே கடலுக்கு இயற்கை கட்டிய சுவர். அதன் மேல் படர்ந்திருக்கும் அடம்புக் கொடியும் புல்லும் மணலைப் பிடித்து வைப்பவை. கடலாமை முட்டையிடுவதும் திறந்த மணலில்தான். மீனவருக்கோ படகு ஏற்றவும் வலை உலர்த்தவும் கருவாடு காயவைக்கவும் அந்த வெறும் மணல் வேண்டும். மரமில்லாத இடமெல்லாம் வீண் நிலம் அல்ல!

இதே கரைக்கு உரிய காடு ஒன்று உண்டு. பாலையும் வீரையும் காசாவும் நெருங்கி வளரும் குட்டைக் காடு. வறண்ட காலத்திலும் இலை உதிர்க்காதது. இன்று அதன் மிச்சங்கள் பெரும்பாலும் கோயில் காடுகளாகத் துண்டு துண்டாக நிற்கின்றன. ஒரு வருஷத்தில் தலைகாட்டும் மரமல்ல இவை. மெதுவாக வளரும். ஆகவே எட்டாண்டுத் திட்டத்தின் அட்டவணையில் இவற்றுக்கு இடம் கிடைப்பது அரிது. விரைந்து வளரும் மரமே விரைந்து முடியும் திட்டத்துக்கு ஏற்ற மரமாகிவிடுகிறது.

வயலுக்கு வந்த பணம்

காட்டுக்கு ஜப்பான் என்றால் வயலுக்கு உலக வங்கி. 2007-இல் தொடங்கிய நீர்வள நிலவளத் திட்டம் சுமார் 2,547 கோடி ரூபாய் மதிப்பில் 63 உபநதிப் படுகைகளில் நடந்தது. ஏரிக்கரை உயர்த்துவது, மதகு சீராக்குவது ஆகியவற்றோடு, குறைந்த தண்ணீரில் பயிரிடும் முறைகளைக் கற்பிப்பதும் அதில் அடக்கம். ஒற்றை நாற்றைச் சதுரமாக நட்டு, தண்ணீரைக் காயவிட்டுப் பாய்ச்சும் நெல் சாகுபடி அதில் முக்கியமானது. 2010-இல் தஞ்சைப் பெரிய கோயிலின் ஆயிரமாவது ஆண்டையொட்டி அதற்கு "ராஜராஜன் 1000" என்று பெயரும் சூட்டினார்கள்.

அதன் தொடர்ச்சியாக 2017-இல் வந்த இரண்டாவது திட்டம் 2,962 கோடி ரூபாய் மதிப்பில் 66 உபநதிப் படுகைகளில் 4,778 ஏரிகளையும் 477 அணைக்கட்டுகளையும் சீரமைப்பதாகத் திட்டமிட்டது.

ஒற்றை நாற்று முறையில் விதை குறைவு, தண்ணீர் குறைவு, தூர் அதிகம். இதைக் குடியானவர் வயலிலேயே கண்டார். பின் ஏன் எல்லாரும் அதில் நிலைக்கவில்லை? இளநாற்றைப் பக்குவமாக நடத் தெரிந்த ஆள் வேண்டும். களையெடுக்கும் கருவியைத் தள்ள ஆள் வேண்டும். ஏரித் தண்ணீர் வேண்டியபோது வந்து, வேண்டாதபோது நிற்கவேண்டும். கடைசி வயல்காரருக்குத் தண்ணீர் எப்போது வரும் என்றே நிச்சயமில்லாதபோது, வந்த அன்று வயலை நிரப்பி வைத்துக்கொள்ளத்தான் அவர் பார்ப்பார். அது அறியாமை அல்ல, முன்யோசனை.

ஆக, சிக்கனப் பாசனம் என்பது நாற்றில் தொடங்குவதில்லை, மதகில் தொடங்குகிறது. மதகு யார் சொல்லுக்குத் திறக்கிறது என்பதில் தொடங்குகிறது. அதற்கென்றே 2000-இல் பாசன மேலாண்மையை விவசாயிகளிடம் ஒப்படைக்கும் சட்டம் வந்தது. நீரைப் பயன்படுத்துவோர் சங்கங்கள் ஏற்பட்டன. தேர்தலும் நடந்தது. ஆனால் சங்கத்துக்கு நிரந்தர வருமானம் இல்லை. திட்டம் இருக்கும்வரை கூட்டம் கூடும்; திட்டம் முடிந்தால் பெயர்ப்பலகை மிஞ்சும். இதுதான் பல ஊர்களின் அனுபவம்.

அன்றைய வாரியம்

செய்யூருக்கு மேற்கே அதிக தூரமில்லை உத்திரமேரூர். பராந்தக சோழன் காலத்து 919, 921-ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் அங்கே இருக்கின்றன. குடவோலை முறைக்காக அவற்றை எல்லாரும் அறிவார்கள். ஆனால் இன்றைய திட்ட நிர்வாகிகள் படிக்கவேண்டிய பகுதி வேறு. ஏரிக்கென்று தனியாக "ஏரி வாரியம்" இருந்தது. தோட்டத்துக்குத் "தோட்ட வாரியம்" இருந்தது. பதவிக் காலம் 360 நாள். முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் மறுபடி வரமுடியாது. அவருடைய நெருங்கிய உறவினரும் வரமுடியாது!

பணம் எங்கிருந்து வந்தது? அதற்கும் இந்த மாவட்டத்திலேயே சாட்சி இருக்கிறது. கிழக்கிந்தியக் கம்பெனியின் பொறியாளர் தாமஸ் பர்னார்டு 1767 முதல் 1774 வரை செங்கற்பட்டுச் சீமையின் சுமார் 2,000 கிராமங்களை அளந்து கணக்கெடுத்தார். அறுவடைக் களத்தில் நெல்லைப் பங்கிடுவதற்கு முன்பே கோயிலுக்கும் காவலுக்கும் கணக்குக்கும் ஏரிக்கும் என்று ஒதுக்கி எடுக்கும் வழக்கத்தை அந்தக் கணக்கு காட்டுகிறது. மேல்வாரம், குடிவாரம் எல்லாம் அதற்குப் பிறகுதான்.

இதில் பழம்பெருமை பேச ஒன்றுமில்லை. அந்த ஊரில் எல்லாரும் சமமாக இருக்கவில்லை. உழைத்தவருக்கெல்லாம் உரிமை இருக்கவில்லை. ஆனால் நிர்வாக விஷயத்தில் ஒரு சூட்சுமம் இருந்தது. ஏரிக்கான பணம் ஏரி விளைவித்த நெல்லிலிருந்தே வந்தது. விளைச்சல் உள்ளவரை நிதியும் இருந்தது. எட்டாம் ஆண்டு மார்ச்சு 31-ஆம் தேதி அது முடிந்துபோகவில்லை. 2017-இல் தமிழ்நாடு சர்க்கார் குடிமராமத்து என்ற பழைய பெயரை மீண்டும் எடுத்து ஏரி வேலைகளை நடத்தியது. பெயர் திரும்பி வந்தது. களத்து நெல்லில் எடுத்த பங்கு திரும்பி வரவில்லை.

அயல்நாடுகள் காட்டும் பாடம்

பிரேசில் நாட்டில் 2008-இல் அமேசான் நிதி என்று ஒன்றை ஏற்படுத்தினார்கள். அதன் முதல் பெரிய கொடையாளி நார்வே. காடழிவைக் குறைத்துக் காட்டினால்தான் பணம் என்பது அதன் விதி. பணத்தை நிர்வகிப்பது பிரேசில் நாட்டு அபிவிருத்தி வங்கியே. காடழிவு குறைந்தபோது பணம் வந்தது. 2019-இல் அங்கே ஆட்சியின் போக்கு மாறிக் காடழிவு பெருகியதும் நார்வே நிறுத்திவிட்டது. 2023-இல் ஆட்சி மாறிய பின் மறுபடி உயிர் பெற்றது. பலனுக்குப் பணம் என்பது நல்ல விதிதான். ஆனால் தலைநகரத்து அரசியல் காற்றில் அதுவும் ஆடும் என்பதற்கு இது அத்தாட்சி.

நேபாளம் வேறு வழியில் போயிற்று. அங்கும் அயல்நாட்டு உதவி வந்தது. ஆனால் 1993-இல் போட்ட வனச் சட்டம் ஊர்க் காட்டை நிர்வகிக்கும் அதிகாரத்தை ஊர்ப் பயனாளர் குழுவுக்கே கொடுத்தது. என்ன வெட்டுவது, எப்போது வெட்டுவது, விற்ற பணத்தை எதற்குச் செலவிடுவது என்பதைக் குழு தீர்மானிக்கும். இன்று அப்படி 22,000-க்கும் மேற்பட்ட குழுக்கள் இருக்கின்றன. செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு செய்த ஆராய்ச்சியில், நேபாளத்தின் காட்டுப் பரப்பு 1992-இல் 26 சதவீதமாக இருந்தது 2016-இல் 45 சதவீதமானதாகத் தெரிந்தது. இளைஞர் பலர் பிழைப்புக்கு வெளிநாடு போனதால் நிலத்தின்மேல் பாரம் குறைந்ததும் ஒரு காரணம். ஆனாலும் குழுவுக்குச் சட்டம் தந்த அதிகாரம் முக்கியமான காரணம்.

நம் கிராம வனக்குழுவுக்கும் நேபாளத்துக் குழுவுக்கும் உள்ள வித்தியாசத்தை ஒரே வரியில் சொல்லிவிடலாம். நம் குழு திட்டத்தோடு பிறந்தது. அவர்கள் குழு சட்டத்தோடு பிறந்தது.

செய்யூர் கேட்க வேண்டியவை

2022 செப்டம்பரில் இதே மாவட்டத்தின் வண்டலூரில் பசுமைத் தமிழ்நாடு இயக்கம் தொடங்கப்பட்டது. மாநிலத்தின் காடும் மரப் பரப்பும் சேர்ந்து சுமார் 23.7 சதவீதம், அதை 33 சதவீதமாக உயர்த்துவது நோக்கம். அதே ஆண்டில் பக்கத்து வேடந்தாங்கலும் கரிக்கிலியும் ராம்சர் பட்டியலில் சேர்ந்து உலகப் பெயர் பெற்றன. இப்போது உலக வங்கியின் உதவியோடு 1,675 கோடி ரூபாய் மதிப்பில் கடலோர மீட்புத் திட்டம் ஒன்றையும் தமிழ்நாடு கையில் எடுத்திருக்கிறது. கரையின் காவலும் கரைவாழ் ஜனங்களின் பிழைப்பும் அதன் நோக்கங்கள். செய்யூர் கரையோரத் தாலுகா. இந்தக் கரையில் கடல், கழிமுகம், உப்பளம், சவுக்கு, ஏரி எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன.

இதே கரையில்தான் சில ஆண்டுகளுக்கு முன் 4,000 மெகாவாட் அனல் மின்நிலையம் கட்டுவதற்கு யோசனை இருந்தது. மணல்மேடும் கழிமுகமும் ஏரியும் கெடும் என்று எதிர்ப்பு எழுந்தது, வழக்கும் நடந்தது, நிலையம் கட்டப்படவில்லை. மரம் நட ஓர் இலாகா, அதே நிலத்தை ஆலைக்குக் கொடுக்க இன்னோர் இலாகா என்று இருந்தால், எந்த நாட்டுப் பணம் வந்தும் காடு மிஞ்சாது. இது முதலில் தெளியவேண்டிய விஷயம்.

அடுத்து, குழு. திட்டத்துக்கென்று புதுக் குழு, புது வங்கிக் கணக்கு, புதுப் பெயர்ப்பலகை வேண்டியதில்லை. கிராம சபை இருக்கிறது, பஞ்சாயத்து இருக்கிறது, பாசன சங்கம் இருக்கிறது. பொறுப்பை அவற்றிடமே கொடுக்கலாம். திட்ட அதிகாரி போனாலும் அவை இருக்கும்.

மூன்றாவது, நிதி. ஏரி மரத்தின் ஏலத் தொகையிலும் மீன் குத்தகையிலும் ஒரு பங்கு அந்த ஏரிக்கே என்று சட்டப்படி ஒதுக்கினால், பர்னார்டு கண்ட களத்து நெல்லுக்கு ஒரு புதிய உருவம் கிடைக்கும். எந்த மரத்தை வெட்டுவது, எதைப் பறவைக்கு விடுவது, எங்கே வண்டல் எடுப்பது என்று காட்டிலாகாவும் பாசனக்காரரும் ஆண்டுக்கொரு முறை கூடித் தீர்மானிக்கலாம்.

நான்காவது, நிலமில்லாதவர். விறகு வெட்டியும் கரி சுட்டும் பிழைக்கும் இருளர் குடும்பங்கள் இந்த மாவட்டத்தில் உண்டு. சீமைக் கருவேலத்தை ஒழிக்கவும் மற்ற மரத்தைக் காக்கவும் உத்தரவு போடும்போது, இவர்களுக்கு வேலை எது என்று சொல்லாவிட்டால், காவலும் நடக்காது, நியாயமும் இராது. கன்று வளர்க்கவும், காவல் காக்கவும், நின்ற மரத்தை எண்ணவும் இவர்களைவிட மரமறிந்தவர் யார்?

ஐந்தாவது, கணக்கு. எத்தனை நட்டோம் என்ற பலகையைத் திறப்பு விழாவில் வைக்கிறார்கள். எத்தனை நிற்கிறது என்ற பலகையை ஐந்தாம் ஆண்டில் பஞ்சாயத்து வாசலில் வைக்கட்டும். ஊரே எண்ணிப் பார்த்துக்கொள்ளும். உத்திரமேரூரார் ஆயிரம் ஆண்டுக்கு முன் கல்லில் வெட்டி வைத்த விதியும் அதுதானே!

அயல்நாட்டுப் பணம் வேண்டாம் என்பது இதற்குப் பொருளல்ல. தேய்ந்த காட்டை மீட்கவும் சிதைந்த மதகைக் கட்டவும் முதல் வேண்டும். கடன் வாங்கியாவது செய்யத்தக்க வேலைதான் இது. கடன் வாங்கிக் கிணறு வெட்டாத குடியானவர் உண்டா? ஆனால் கிணறு வெட்டுகிறவர் ஏற்றத்தையும் வடத்தையும் கூடவே நினைத்துக்கொள்கிறார். கடன் கொடுத்தவர் வந்து தண்ணீர் இறைத்துக் கொடுப்பார் என்று அவர் காத்திருப்பதில்லை.

2029-30-இல் இப்போதைய ஜப்பானியத் திட்டம் முடியும். அதிகாரிகள் கடைசி அறிக்கையை எழுதி அனுப்புவார்கள். அறிக்கை போன மறுநாள் காலையில் மரத்தடியில் ஆட்டை ஓட்டி வருகிறவரிடம், "இது நம் மரம், கொஞ்சம் தள்ளி மேய்" என்று சொல்ல ஊரில் ஓர் ஆள் இருந்தால் திட்டம் பலித்தது. இல்லையென்றால் மிஞ்சுவது கடன் மட்டும்தான்.